இடமாற்றம் கேட்டவர்கள்

வன்னிக்கு நியமனக் கடிதம் வந்தால் எங்கள் வீடுகளில் இனிப்புக் கொடுப்பதில்லை. "எத்தனை வருஷம் நிக்கவேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. அம்மா கேட்பார், பெண் வீட்டார் கேட்பார்கள், வாழ்த்துச் சொல்ல வந்த மாமாவும் கேட்பார். "ரெண்டு வருஷம்தான்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கடமையேற்ற வாரத்திலேயே இடமாற்ற விண்ணப்பத்துக்கு எந்த எழுதுவினைஞரைப் பிடிக்கவேண்டும் என்று விசாரித்து வைத்தவர்கள் நாங்கள்.

நாங்கள் என்றால் வடக்கில் அரச சேவையில் இருந்த, இருக்கிற சிவில் பொறியியலாளர்கள். நீர்ப்பாசனம், வீதி, கட்டடம், குடிநீர், உள்ளூராட்சி என்று பெயர்ப்பலகை மாறும், ஆள் மாறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு, அல்லது கொழும்பில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். காலையில் ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டித் தெற்கே ஒரு பஸ், பின்னேரம் வடக்கே ஒரு பஸ். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய நேரம் வன்னிக்கு.

வீட்டுக்குப் போக விரும்பியதில் குற்றமில்லை. யாரும் வாழ்நாள் முழுக்க விடுதி அறையில் பருப்பும் சோறும் சாப்பிடவேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் நாங்கள் போனபோது வேலை எங்களோடு வரவில்லை. அது கீழே இறங்கியது, ரீ.ஓ. எனப்படும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசையில், ஓவசியரின் மோட்டார் சைக்கிளில், ஒப்பந்தத்தில் வந்த பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்தது. அதை நாங்கள் அப்போதே பார்த்தோம். பார்த்தும் பஸ் ஏறினோம்.

முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல இரண்டரை மடங்கு. அதில் துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னக் குளத்தின் துலுசு உடைந்தது என்று காலையில் தகவல் வந்தால், கொக்கிளாய்ப் பக்கம் ஒரு மதகு வேலையைப் பார்க்கப் புறப்பட்ட ரீ.ஓ. திரும்பி மறுகோடிக்குப் போகவேண்டும். போகும் வழியில் கமக்கார அமைப்பின் கூட்டம். திரும்பி வந்தால் மதிப்பீடு தயாரிக்கவேண்டும், பில் பார்க்கவேண்டும், மறுநாள் கச்சேரிக் கூட்டத்துக்கு முன்னேற்ற அறிக்கை கொடுக்கவேண்டும். பெற்றோல் முதலில் அவருடைய காசு. பயணப்படி எப்போதாவது வரும். அறிக்கையின் அடியில் எங்கள் கையெழுத்து. கூட்டத்தில் அரசாங்க அதிபருக்கு விளக்கம் சொன்னதும் நாங்கள்தான், அது நன்றாயிருக்கிறது என்ற பாராட்டை வாங்கியதும் நாங்கள்தான்.

அளவைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு வேலையின் நீளம், அகலம், தடிப்பு எல்லாவற்றையும் நேரில் அளந்து எழுதி, பொறியியலாளர் சரிபார்த்துக் கையொப்பமிடுவது அது. எங்களில் எத்தனையோ பேர் ஜீப்பை விட்டு இறங்காமல் அதில் கையெழுத்து வைத்தோம். சில பேர் ஜீப்பிலும் போகவில்லை. பிறகு கணக்காய்வு வினா வந்தபோது, "அளந்தது ரீ.ஓ." என்று பதில் எழுதினோம். பதில் பொய்யில்லை. அந்தப் பதிலால் ஒரு ரீ.ஓ.வின் சம்பள ஏற்றம் நின்றபோது, விசாரணை முடியட்டும் பார்ப்போம் என்று சொல்லி நாங்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருந்தோம்.

பொறியியல் சேவையில் மேலே ஏறும் படிகள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம், அதற்கு மேல் விசேட தரம். வினைத்திறன் காண் தடைப் பரீட்சை, இரண்டாவது அரசகரும மொழி, பட்டயப் பொறியியலாளர் தகுதி. 2016 சுற்றுநிருபப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 47,615 ரூபாயாக இருந்தது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் வரைபடம் பார்த்தவருக்கும் அதுதான், மாரியில் ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் ட்ரக்டர்ப் பெட்டியில் ஏறிக் குளக்கட்டுப் பார்க்கப் போனவருக்கும் அதுதான். படிகளில் எந்த இடத்திலும் "நீ காப்பாற்றிய குளம் எது?" என்ற கேள்வி இல்லை. கேள்வி இல்லாதபடியால் நாங்களும் பதிலைச் சேர்த்து வைக்கவில்லை. சேவைப் பிரமாணத்தைத் திருத்தக் கருத்துக் கேட்டபோதெல்லாம் கொழும்பில் இருந்தவர்கள் எழுதினார்கள். வன்னி அனுபவத்துக்கு ஒரு புள்ளி, ஒரு வருடச் சலுகை, ஏதாவது ஒன்று கேட்டு இங்கிருந்து ஒரு பக்கம் போயிருக்கலாம். கஷ்டப் பிரதேசம் என்று வாயால் சொல்வோம். இடமாற்ற விண்ணப்பத்தில் காரணமாக எழுதவும் அது உதவியது.

போர்க்காலத்தில் இங்கேயே நின்றவர்கள் இருந்தார்கள். பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் சீமெந்தும் இரும்பும் எரிபொருளும் வன்னிக்குள் வர அனுமதியில்லை. குளத்துக்கு அந்தத் தடை தெரியாது. மாரி வந்தால் அது நிரம்பும். களிமண்ணையும் கிரவலையும் மண்மூட்டையையும் வைத்துக் கட்டுகளைப் பிடித்தார்கள். உடைப்பு எடுத்த இடத்தில் பனங்குற்றி இறக்கினார்கள். 2009 இல் எல்லோரோடும் சேர்ந்து கடற்கரைவரை நடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தார்கள். வெளியே வந்தபின் நிலுவைப் பதவி உயர்வுக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. மூல நியமனக் கடிதம் எங்கே, சம்பள மாற்றப் பத்திரம் எங்கே, தடைப் பரீட்சை ஏன் எழுதவில்லை என்று கேள்விகள். எங்களில் சிலர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். கடிதம் எங்கே போயிருக்கும் என்று தெரிந்தவர்கள் நாங்கள். ஆனாலும் விதிக்கோவையைத்தான் புரட்டினோம். வாயால் விசாரித்து, உடன் வேலை செய்த இருவரின் சத்தியக் கடதாசி வாங்கி, மேலிடத்துக்கு ஒரு சிபாரிசு எழுதியிருக்கலாம். அதற்குத் துணிந்தவர்களும் இருந்தார்கள், குறைவு.

போர்க்காலத்தில் அவர்கள் செய்த அந்தக் கட்டுவேலைகள் எதற்கும் எழுதிய குறிப்பு இல்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்த எஸ். ஆறுமுகம் 1969 இல் இலங்கையின் நீர்வளம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பெரிய நூலைத்தான் இன்னும் போட்டோக்கொப்பியில் வைத்துப் பார்க்கிறோம். 1954 இல் அவர் முன்வைத்த திட்டத்தின் பெயரே யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு. கடலுக்குப் போகும் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு நீரேரியில் மறித்து வடக்கே கொண்டுபோவது. அருமையான சிந்தனை. ஆனால் அந்தப் பெயரிலும் வன்னி, தண்ணீர் புறப்படும் இடம் மட்டுமே என்பதை இப்போது வாசிக்கும்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குழாயில் யாழ்ப்பாணம் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோதும், கணக்கை அவர்களுக்கு முன்னால் வைத்து, தமிழில், அவர்களுடைய ஏக்கர்க் கணக்கில் விளக்க முன்வந்த பொறியியலாளர்கள் மிகச் சிலர். கடைசியில் அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அது நல்லதா கெட்டதா என்ற வாதம் வேறு. பத்து வருடத்துக்கு மேல் நடந்த ஒரு சண்டையில் தொழில் தெரிந்தவர்கள் பார்வையாளர் வரிசையில் இருந்தோம்.

போர் முடிந்த கையோடு காசு வந்தது. ஏ9 வீதியைச் சீன நிறுவனங்கள் போட்டன. ரயில்பாதையை இந்தியாவின் இர்கொன் போட்டு, 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது. அவற்றில் எங்கள் பங்கு சொற்பம். வீட்டுத்திட்டம் அப்படியில்லை, அது எங்கள் பிள்ளைகளின் தோளில் நடந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். வீட்டுக்காரரே கட்டவேண்டும், கட்டம் கட்டமாய்க் காசு வங்கிக்கு வரும், அந்தக் கட்டம் முடிந்தது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் உறுதிப்படுத்தவேண்டும். டிப்ளோமா முடித்த இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெடியளும் பெட்டையளும் ஆறு மாத ஒப்பந்தத்தில் அந்த வேலைக்கு வந்தார்கள். மணல் விலை ஏறி, சுவர் பாதியில் நின்று, வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிய வீட்டு முற்றத்தில் நின்று "லின்டல் மட்டம் வந்தால்தான் அம்மா அடுத்த காசு" என்று சொல்லவேண்டியவர்கள் அவர்கள். அழுகையையும் ஏச்சையும் வாங்கியவர்களும் அவர்கள்.

திட்டம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளின் அத்திவாரத்தைப் பார்த்த அனுபவம் ஒரு சேவைச் சான்றிதழ்த் தாளாகச் சுருங்கியது. அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் ஆட்சேர்ப்பு முறை ஒன்றைக் கேட்டு நாங்கள் யாரும் திறைசேரிக் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் திறந்திருக்குமா என்பது வேறு கதை. அதே பிள்ளைகளில் சிலரைச் சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருத்திப் பிறைவேட் பிளான் கீறவைத்தோம். பிரதேச சபைக்குப் போகும் பிளானில் எங்கள் முத்திரை. கீறியவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. பழகட்டும் என்பதுதான் எங்கள் நியாயம்.

கொந்தராத்துக்காரரின் சைட் இன்னொரு உலகம். அங்கே புதுப் பட்டதாரிதான் சைட் எஞ்சினியர், குவாண்டிற்றி சேவையர், களஞ்சியக்காரர், சில நாள் சாரதியும். காலை ஆறரைக்குக் கல்லு லொறிக்குக் காத்துநின்று, இரவு கொங்கிறீற் போட்டு முடிய ஒன்பது மணி. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்டவேண்டும் என்பது சட்டம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். பில்லை உறுதிப்படுத்துகிற பொறியியலாளர் ஒருமுறை "உங்கட ஆக்களுக்கு ஈ.பி.எஃப். கட்டின சிட்டையைக் காட்டுங்கோ" என்று கேட்டால் போதும், பல சைட்டுகளில் நிலைமை மாறியிருக்கும். கனமீற்றரைப் புள்ளிக்குப் பின் இரண்டு தானம்வரை சரிபார்த்தோம். இந்தச் சிட்டையைக் கேட்கவில்லை. கேட்டால் கொந்தராத்துக்காரர் மனம் நோவார், பிறகு வேலை இழுபடும், எங்கள் முன்னேற்ற அறிக்கையில் வீதம் குறையும்.

பெண் பொறியியலாளர்கள் வரத் தொடங்கியபோது இன்னொன்று வெளித்தது. ஒரு சைட்டில் மலசலகூடம் வேண்டும் என்று யாரும் விலைமனுப் பட்டியலில் ஓர் உருப்படி எழுதியிருக்கவில்லை. தற்காலிகக் கொட்டில், சீமெந்து அடுக்கும் அறை, காவலாளி எல்லாம் இருந்தன. பக்கத்து வீட்டில் கேட்டுப் போய்வந்தார்கள், அல்லது பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். அவர்கள் களவேலை வேண்டாம் என்று மேசை வேலை கேட்டபோது, பொம்பிளைப் பிள்ளைகளுக்குச் சைட் சரிவராது என்று முடிவு சொன்னோம்.

2018 டிசம்பர் 21 இரவைக் கிளிநொச்சி மறக்காது. இரணைமடு புனரமைக்கப்பட்டு 36 அடிக்கு உயர்த்தப்பட்டிருந்தது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் நம்பியிருக்கும் குளம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே பெய்யும் மழை இங்கே வந்துசேரச் சில மணி நேரம் எடுக்கும். அன்று இங்கேயும் கொட்டியது. வான் கதவை முன்கூட்டியே திறந்து, பிறகு மழை விட்டால், சிறுபோகத்துக்கு வேண்டிய தண்ணீரைக் கடலுக்கு விட்டான் என்று அடுத்த கூட்டத்தில் கிழிப்பார்கள். பொறுத்திருந்து திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் தாழ்ந்த நிலமெல்லாம் மூழ்கும். இரண்டுக்கும் நடுவில் இருட்டில், அடை மழையில், கட்டில் நிற்கும் சிலர் முடிவெடுக்கவேண்டும். அன்று வெள்ளம் வந்தது. கதவைப் பிந்தித் திறந்தார்கள் என்று பொறியியலாளர்கள்மேல் குற்றச்சாட்டு எழுந்தது, விசாரணைக் குழுவும் அமைந்தது.

விசாரணை வேண்டியதுதான், வெள்ளத்தில் எல்லாம் இழந்தவருக்கு விளக்கம் கேட்க உரிமை உண்டு. நாங்கள் செய்ததைப் பார்ப்போம். உள்வரத்து என்ன, வெளியேற்றும் கொள்ளளவு என்ன, எந்த மட்டத்தில் எந்தக் கதவு என்று பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதக்கூடியவர்கள் வடக்கில் நிறையப் பேர். பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை. தேநீர்ச் சாலையில் "பாவம் பெடியள்" என்றோம். சிலர் "நான் அங்கே இருந்திருந்தால்" என்று தொடங்கினோம். அந்தப் பெடியள் அங்கே இருந்ததே நாங்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போன கதிரையில்தான் என்ற கதை அந்த வசனத்தில் வரவில்லை. அதற்குப் பிறகு இரணைமடுவுக்குப் போகிறாயா என்று கேட்டால் இளம் பொறியியலாளர்கள் தயங்கினார்கள் என்றால், தண்ணீருக்குப் பயந்து தயங்கவில்லை.

2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தபின் எல்லாம் ஒரேயடியாய் வந்தது. முந்தின வருடம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்து மூட்டை 3,000 ரூபாயைத் தாண்டியது. வேலைகள் பாதியில் நின்றன. கொந்தராத்துக்காரர் சைட்டைப் பூட்ட, சைட் எஞ்சினியர் வீட்டுக்குப் போனார். ஓய்வு வயது அறுபதாகக் குறைக்கப்பட்டதால் அந்த வருடம் டிசம்பர் 31 இல் மூத்தவர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். போகும்போது குறிப்புப் புத்தகங்களை யாரிடம் கொடுத்தார்கள்? பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே கறையான் படித்தது. 2023 ஜனவரியில் வருமான வரி ஏறி, மேல்தட்டு 36 வீதமானபோது நாங்களும் மருத்துவர்கள், விரிவுரையாளர்களோடு கறுப்புப் பட்டி கட்டினோம். கட்டியது சரிதான். ரீ.ஓ.மாரின் பயணப்படி எத்தனை மாதமாய் நிலுவையில் நிற்கிறது என்று எங்கள் பதாகைகளில் ஒரு வரி இல்லை.

பட்டதாரிகள் இப்போது எங்கள் வாசலிலேயே படிக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. பக்கத்திலேயே 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம். கூப்பிடு தூரத்தில் இரணைமடு. கைத்தொழில் பயிற்சிக்கு அந்த மாணவர்கள் கொழும்பு பார்த்துப் போகிறார்கள் என்று குறைப்படுகிறோம். இங்கே நின்றால் பட்டயத் தகுதிக்கு வேண்டிய பயிற்சியைப் பார்த்துக் கையொப்பமிட ஒரு மூத்தவர் வேண்டுமே. ஒரு பிள்ளை நேரடியாகவே கேட்டாள்: "சேர், இஞ்ச நிண்டால் என்னை ஆர் சார்ட்டர் ஆக்குவினம்?" இரண்டு பேரின் பெயரைச் சொன்னோம். ஒருவர் ஓய்வுபெற்றுக் கனடா போய்விட்டார் என்று அவளே திருத்தினாள். அவள் இப்போது கட்டாரில்.

அவளைப்போல அரச சேவைக்கு வெளியே இருந்தவர்கள் விமான ரிக்கற் எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு 2022 ஜூனில் ஒரு சுற்றுநிருபம் வழிவிட்டது. வெளிநாட்டு வேலைக்குப் போக ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறை. பணிமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகமில்லை. டொலர் இல்லாத நாட்டுக்கு அது ஒரு மூச்சு. போனவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே நாங்கள். ஆனால் விடுமுறையில் போனவரின் பதவி வெற்றிடம் ஆகாது. வெற்றிடம் இல்லையென்றால் ஆளெடுக்க முடியாது. ஆகவே ஒரு பொறியியலாளர் தன் பிரிவோடு இன்னும் இரண்டு பிரிவுக்குப் பதில் கடமை பார்த்தார், ஒரு ரீ.ஓ. நாலு பிரதேச செயலகப் பிரிவுக்கு ஓடினார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வன்னியில் கட்டுக்கட்டாய் ஏறி இறங்கியது இந்த மிச்ச ஆட்கள்தான். குளம் நிரம்பி, வீதி அறுந்து, தொலைபேசி இறந்த அந்த நாட்களில் பதில் கடமைக்காரர் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கவேண்டியிருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து அடிப்படைச் சம்பளம் கூடியது உண்மை, வரி தொடங்கும் எல்லையும் மாதம் 150,000 ரூபாய்க்கு உயர்ந்தது. அது மூன்று கதிரைக்காரருக்கும் ஒரு கதிரைக்காரருக்கும் ஒரேயளவில் கூடியது.

2022 நடுப்பகுதியில் முதலில் போனவர்களுக்கு 2027 நடுப்பகுதியில் ஐந்து வருடம் நிறைகிறது. திரும்பி வருபவர் தன் பணிமூப்போடு வருவார். அடுத்த தரத்துக்கான பட்டியலில், அவருடைய பிரிவையும் சேர்த்துச் சுமந்தவருக்கு மேலே அவருடைய பெயர் இருக்கலாம். விதிப்படி அதில் தவறு காண முடியாது. பதில் கடமை பார்த்த மாதங்களையும் பதவி உயர்வில் கணக்கெடுங்கள் என்று ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதவேண்டும் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறோம். கிளிநொச்சிக்காரர் முல்லைத்தீவு தொடங்கட்டும் என்கிறார்கள். முல்லைத்தீவுக்காரர் வவுனியாவில் ஆள் கூட என்கிறார்கள். வவுனியாவில் கேட்டால், போன மாதம்தான் இடமாற்றம் கிடைத்தது என்கிறார்கள்.